விழாத நாக்கு

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் வாசலில் உட்கார்ந்து தலை வாருவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வாருகிறோம். வாரி முடித்ததும் சீப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பல் பல்லாகப் பார்க்கிறோம், தோளைத் தட்டுகிறோம், தரையைக் கையால் துழாவுகிறோம், உதிர்ந்தது ஒற்றை முடியானாலும் அதைச் சுருட்டி வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிடுகிறோம். வெளியூரிலிருந்து வாழ வருகிற மருமகள்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு பொறுக்கியின் கதையைக் கேட்பார்கள், கேட்டபின் அவர்களும் விழுங்குவார்கள்.

பொறுக்கி என்பது ஒரு யந்திரம். கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர்தேசத்தில் பழசாகிக் கழிக்கப்பட்ட அதைப் பொன்னுரங்கம் முதலாளி வாங்கி, பிரித்து, லாரிகளில் ஏற்றி வந்து, ஆற்றங்கரையை ஒட்டிய தன்னுடைய கம்பள மில்லில் மறுபடி பூட்டியபோது அதற்கு நீளமான ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது, அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு வளையவில்லை. சுவர் உயரத்துக்கு ஒரு சட்டம், அதில் வரிசை வரிசையாக முளைகள், முளைக்கு ஒரு நிறமாகக் கம்பளி நூல் சுற்றிய கூம்பு அட்டைக் கோன்கள். கம்பளத்தின் படம் ஓட்டை ஓட்டையாகக் குத்தப்பட்ட அட்டை மேலே நகர நகர, இரும்பு விரல்கள் இறங்கி வந்து, இந்த இடத்துக்குச் சிவப்பு, அதன் பக்கத்துக்குப் பச்சை, அதன் பக்கத்துக்குக் கறுப்பு என்று நூல்களைத் தேர்ந்து இழுத்து, நீண்ட உருளை ஒன்றில் பக்கம் பக்கமாகச் சுற்றும். ஒரு உருளை கம்பளத்தில் ஒரு வரி. உருளைகள் தறிக்குப் போகும், தறியில் பூக்கள் விரியும். நூல் சுற்றும் வேலைக்கு வந்திருந்த சம்பூரணம் இதை முதல்நாள் நின்று பார்த்துவிட்டு, "நெறம் நெறமாப் பொறுக்கிட்டுத் திரியுது, இதுக்குப் பொறுக்கீன்னு பேரு வைக்காம வேற என்ன வைக்கறது?" என்றாள். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. முதலாளிக்கு மட்டும் அந்தப் பெயர் கூச்சம். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வந்தவர்களுக்கு மில்லைச் சுற்றிக்காட்டும்போது பெண்கள், "பொறுக்கிக்கு எண்ணெய் போட்டாச்சா?" "பொறுக்கி காலையிலிருந்து இழுத்துட்டு நிக்கறான்" என்று வேண்டுமென்றே உரக்கப் பேசிக்கொள்வார்கள்.

முளைக்கு முளை கம்பியாலான ஒரு சிறு நாக்கு உண்டு. ஓடுகிற நூல் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். கோன் தீர்ந்து நூல் ஓடிவிட்டால் நாக்கு விழும், மணி அடிக்கும், யந்திரம் முழுக்க நின்றுவிடும். நின்றால் மேஸ்திரி காளியண்ணன் ஓடிவந்து யாருடைய முளை என்று பார்த்துத் திட்டுவார். அதனால் சுற்றும் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது: உருளை முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்கிற நேரத்தில் கோன் தீர்ந்தால், கழிவு நூலில் ஒரு துண்டை எடுத்து நாக்கைத் தூக்கி முளையோடு கட்டிவிடுவார்கள். யந்திரம் நூல் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். ஓரத்தில் ஒரு புள்ளி நிறம் குறையும், அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

கறுப்பு நூலின் முளை பூவாத்தாளுடையது. புருஷன் சாயப்பட்டறையில் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தபின் ஒற்றை மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள், அதிகம் பேசமாட்டாள், தலைமுடி மட்டும் முழங்காலைத் தொடும். அன்று அவள் மகள் மேகலா மறுவீட்டு விருந்து முடிந்து புருஷனோடு ஆத்தூருக்குப் புறப்படுகிற நாள். ஐந்து மணி பஸ்ஸுக்கு வழியனுப்பப் போகவேண்டும். உருளை முடிகிற நேரம் கறுப்புக் கோன் தீர்ந்தது. கிடங்கின் சாவியோடு மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். கழிவு நூலை அன்று பார்த்து வாரிப் பெருக்கியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தலை வாரியபோது உதிர்ந்த முடியை, வெளியே போகும்போது எச்சில் துப்பி எறியலாம் என்று சுருட்டி இடுப்பில் செருகி வைத்திருந்தாள் பூவாத்தாள். அப்படித் துப்பாமல் முடியை எங்கேயும் விடக்கூடாது, கண்டவர் கையில் கிடைத்தால் வசியம் வைப்பார்கள் என்பது எல்லாப் பெண்ணுக்கும் தெரிந்ததுதான். அவள் அந்தச் சுருளிலிருந்து ஒரு முடியை உருவினாள். எப்படியும் கறுப்பு, மேஸ்திரி தூரத்திலிருந்து பார்த்தால் நூல் என்றே நினைப்பார் என்று எண்ணி, நாக்கைத் தூக்கி முளையோடு கட்டிவிட்டு, பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

மறுநாள் காலையில் அவள் வந்து பார்த்தபோது முளை காலியாக இருந்தது, காலி முளையிலிருந்து நூல் ஓடிக்கொண்டிருந்தது.

கறுப்பு நூல். கம்பளி போலவும் இருந்தது, பட்டு போலவும் இருந்தது, கிணற்றில் எட்டிப் பார்க்கிறபோது தெரிகிற கறுப்பு. மேஸ்திரி முளையின் பின்னால் கையை விட்டுத் துழாவினார், ஒன்றும் தட்டுப்படவில்லை, நூல் மட்டும் விரலை உரசிக்கொண்டு வந்துகொண்டே இருந்தது. அவர் போய் முதலாளியிடம் சொன்னார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "மத்த முளையெல்லாம் சரியா ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றார் மேஸ்திரி. "அப்ப ஓட்டுங்க" என்றார் முதலாளி.

மற்ற பெண்களும் தங்கள் முடியைக் கட்டிப் பார்த்தார்கள். சம்பூரணத்தின் முடி கட்டிய நாழிகையிலேயே அறுந்தது. "நாலு முடிதான் மிச்சம், அதுலயும் ஒண்ணத் தின்னுட்டான் பாவி" என்று அவள் பொறுக்கியை ஒரு உதை விட்டாள். வேறு எந்த முளையும் கொடுக்கவில்லை. பூவாத்தாளின் முளை மட்டும் நாளெல்லாம் கொடுத்தது, ஆயுத பூஜைக்கு எல்லா யந்திரத்தையும் நிறுத்தியபோதும் அது சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாய் போலத் தரையில் நூலைக் குவித்துக்கொண்டிருந்தது. அவள் வாரும்போது சீப்பில் ஒரு முடிகூட வராமல் நின்றுபோனது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் பொறுக்கி மற்ற நிறங்களை மறக்கத் தொடங்கியது. அட்டையில் சிவப்புக்கு ஓட்டை இருந்தாலும் இரும்பு விரல் சிவப்புக்கு மேலே ஒரு கணம் தயங்கி, விலகி, கறுப்பைப் போய் எடுத்தது. ரோஜாக்கள் கறுப்பாக வந்தன, பிறகு இலைகள், பிறகு மயில்கள். கண்ணை அருகே கொண்டுபோய்ப் பார்த்தால் கறுப்புக்குள்ளே கறுப்பாக மயில் தெரியும். வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள். சிவப்பும் பச்சையும் முளைகளில் தூசி படிந்து நின்றன. சாயப்பட்டறைகளுக்கு வேலை குறைந்தது, ஆற்றில் சாயம் இறங்குவது நின்றது, பல வருஷங்களுக்குப் பிறகு படித்துறையில் நின்று தங்கள் பாதத்தைத் தண்ணீருக்குள் பார்த்தவர்கள் அதிசயித்துப் பூவாத்தாள் வீடு இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஊருக்கு முதலில் அந்த நூல் எதற்கும் தேவைப்படவில்லை. தரையில் குவிந்ததைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள், அவ்வளவுதான். சம்பூரணத்தின் பேரன் பிறந்தபோது கண்ணேறு படாமலிருக்க அரையில் கட்ட ஒரு கறுப்புக் கயிறு வேண்டியிருந்தது, அதில் திரித்துக் கட்டினாள். தாய்க்குப் பால் சுரக்கவில்லை என்று குழந்தையைப் பாதி நாள் பூவாத்தாளிடம்தான் விட்டுவைத்திருந்தார்கள். அவள் ஆட்டுப்பால் புகட்டி மடியில் போட்டுத் தட்டுவாள். குழந்தை அழாமல் வளர்ந்தது. சளி பிடிக்கவில்லை, மாந்தம் இல்லை, யார் தூக்கினாலும் சிரித்தது. இது தெரிந்ததும் ஊரில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் அந்தக் கயிறு ஏறியது: அரையில், கணுக்காலில், பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கு மணிக்கட்டில். கடைவீதியில் வேறு கறுப்புக் கயிறு விற்பதையே விட்டுவிட்டார்கள். ஊரில் எங்கே கறுப்பு இருந்தாலும் அது பூவாத்தாளின் கறுப்பு என்றானது. முதலாளி அவளை 'ஏ, பூவாத்தா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் 'வாங்கம்மா' என்றார். அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

மேகலா மூன்று மாதம் முழுகாமல் இருப்பதாக ஆத்தூரிலிருந்து செய்தி வந்தது. வாந்தி நிற்கவில்லையாம், தண்ணீர்கூட இறங்கவில்லையாம். பூவாத்தாள் நார்த்தங்காய் ஊறுகாயும் வறுத்த சுண்டைக்காயும் கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. பாலத்தின் நடுத் தூணைத் தாண்டும்போது யாரோ பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்து இழுத்ததுபோல அவள் தலை சீட்டின் கம்பியில் மோதியது. திரும்பிப் பார்த்தாள், பின்சீட்டில் ஒரு பெரியவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் போகப் போக இழுப்பு அதிகமாயிற்று, நெற்றித் தோல் பின்னுக்குப் போய்க் கண்கள் இமைக்க முடியாமல் விரிந்தன. அதே நேரத்தில் மில்லில் பொறுக்கியின் மணி அடித்தது. அதே நேரத்தில் ஊரில் உள்ள குழந்தைகள் எல்லாம், தொட்டிலில் இருந்தவையும் தெருவில் இருந்தவையும் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவையும், கயிறு கட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில் அழுதன.

அலறிய அவளைக் கண்டக்டர் இறக்கிவிட்டார். அவள் பாலத்தில் ஊரைப் பார்த்து நடக்க நடக்க வலி குறைந்தது, ஊரில் அழுகை குறைந்தது. வீட்டை அடைந்தபோது வாசலில் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். யாரும் கோபப்படவில்லை.

"அக்கா, நீங்க எங்கயும் போவேண்டாம்" என்றாள் சம்பூரணம். "என்ன வேணும்னு சொல்லுங்க, நாங்க கொண்டாந்து தாரோம்."

"என்ற புள்ளயப் பாக்கோணும்" என்றாள் பூவாத்தாள்.

"போன்ல பேசுங்க. மொகமே தெரியுதுல்ல இப்பெல்லாம்."

அவளை யாரும் பூட்டி வைக்கவில்லை. அவள் பஸ் நிலையத்துக்குப் போனால் கண்டக்டர்கள் எழுந்து நின்று வணங்கி, வண்டி நிறைந்துவிட்டது அம்மா என்றார்கள். ஆட்டோக்காரர்கள் கூப்பிடாமலே ஏற்றிக்கொண்டுபோய் அவள் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுக் காசு வாங்காமல் போனார்கள். பழனிக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல் இருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பழனி பாலத்துக்கு அந்தப் பக்கம் இல்லை என்றாலும், ஊர் கூடிப் பேசி, தெய்வம் அவசரப்படாது என்று முடிவு செய்தது. முடி திருத்துகிறவர் அவளைக் கண்டாலே கடைக்குள் போய் ஷட்டரை இறக்கினார். மில்லில் எந்நேரமும் அவள் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள், தெருவில் அவளுக்குக் குடை பிடிக்க ஒருத்தி. வீட்டில் கத்தரிக்கோல் காணாமல் போனது. தேடியபோது அடுத்த வீட்டுக்காரி, "துணி வெட்ட எடுத்துட்டுப் போனனுங்க, தாரேன்" என்றாள். தரவில்லை.

நூல் சுற்றும் பெண்கள் ஆள்காட்டி விரலில் நகம்போல மாட்டியிருக்கும் சின்ன பிளேடை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை விரலின் ஒரு பாகமாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள்கூட அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். ராத்திரிகளில் அதைத் தன் பின்னலருகே கொண்டுபோகும் எண்ணம் வந்தபோதெல்லாம், நூல் அறுந்தால் அந்தப் பிஞ்சுகளுக்கு என்ன ஆகுமோ என்ற கேள்வியும் கூடவே வந்தது. இழுத்தாலே அப்படி அழுகிறவை, அறுத்தால்?

ஆவணி மாதத்தில் ஓர் உருளையில், கறுப்புக்கு நடுவே, ஒரு வெள்ளை இழை வந்தது.

மேஸ்திரி அதை முதலாளியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அறிந்தது. மறுநாளிலிருந்து பூவாத்தாள் வீட்டு வாசலில் எண்ணெய்ப் பாத்திரங்கள் வரிசையாக வந்து நின்றன: கரிசலாங்கண்ணித் தைலம், நெல்லிக்காய் எண்ணெய், செம்பருத்தி காய்ச்சியது, யாரோ கேரளாவிலிருந்து வரவழைத்த பச்சை நிறப் புட்டி. கறிவேப்பிலைத் துவையல் வீட்டுக்கு வீடு அரைத்து வந்தது. அவள் மறுக்காமல் எல்லாம் தின்றாள், தேய்த்துக்கொண்டாள். ஆனால் அடுத்த உருளையில் இரண்டு வெள்ளை இழைகள் வந்தன. கயிறு கட்டிய ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. வெறும் மழைக்காலக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். டாக்டர் வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும் என்றார்கள்.

பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டது பூவாத்தாளின் காதில் விழும்படியாகத்தான் இருந்தது.

"மேகலாவுக்கும் அம்மா முடிதான்."

"அம்மாவவிட அடர்த்தி. கல்யாணத்துல பாத்தமே."

"ரத்தம் ஒண்ணுதான?"

அன்றே அவள் மகளுக்குப் போன் செய்தாள். "கண்ணு, வளைகாப்பெல்லாம் அங்கயே வெச்சுக்கங்க. பிரசவமும் அங்கயே பாத்துக்கங்க. இங்க வராத."

"ஏம்மா? எல்லாரும் அம்மா வீட்டுக்குத்தான போவாங்க? மாமியார் என்ன நெனப்பாங்க?"

"என்ன வேணா நெனக்கட்டும். வராத."

மேகலா கோபித்துக்கொண்டு போனை வைத்தாள். பிறகு ஊர்ப் பெண்களில் யாரோ அவளைக் கூப்பிட்டு, அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள், சொன்னால் நீ பயப்படுவாய் என்று மறைக்கிறாள் என்று அழுதுகொண்டே சொன்னாள். ஏழு மாத வயிற்றோடு மேகலா பஸ்ஸில் வந்து இறங்கினாள். நிலையத்தில் மேளம் காத்திருந்தது.

மில்லிலேயே வளைகாப்பு. முதலாளி பந்தல் போட்டு, ஊருக்கே சாப்பாடு சொல்லியிருந்தார். அதற்குமுன் கிடைத்த சிறு பொழுதில், வீட்டு உள்ளறையில், பூவாத்தாள் மகளின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வெளியே நிற்கிற கண்களை அவள் பார்த்திருந்தாள். ஒவ்வொரு கண்ணும் மகளின் உச்சியிலிருந்து பின்னலின் நுனிவரை இறங்கி மறுபடி ஏறுவதைப் பார்த்திருந்தாள். அத்தனை கண்ணுக்கு நடுவே பிள்ளைத்தாய்ச்சியை எப்படி வெறுங்கையாக உட்காரவைப்பது? எந்தத் தாயும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: மாடத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றை எடுத்துத் திருநீற்றில் தோய்த்து, மகளின் இடது மணிக்கட்டில் இறுக முடிந்தாள்.

"உன்ற தலையில யாரு சீப்பு வெச்சாலும் அந்தச் சீப்ப எங்கிட்டக் குடுக்கச் சொல்லு" என்றாள்.

"என்னம்மா நீ, பைத்தியமாட்டப் பேசற?"

"சொல்லு."

சட்டத்தில் தூசி படிந்த சிவப்பும் மஞ்சளும் பார்த்துக்கொண்டிருக்க, கறுப்பு நூல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, யந்திரத்துக்கு முன்னால் மேகலாவை மணையில் உட்காரவைத்தார்கள். வளையல் போட வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் சீப்பைக் கொண்டுவந்திருந்தாள். சந்தனம் பூசினார்கள், வளையல் ஏற்றினார்கள், பிறகு பின்னலை அவிழ்த்து, "எங்கம்மிணிக்குச் சடை நாந்தான் போடுவேன்", "இரு, சிக்கு எடுத்துடறேன்", "பூ நிக்கோணுமில்ல, இன்னொருக்கா வாரறேன்" என்று மாறி மாறி வாரினார்கள். அந்த முடி அவர்கள் கைகளில் வழிந்தது. மேகலா சிரித்துக்கொண்டே, கூச்சத்தில் கன்னம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து ஊர் அவளை அவ்வளவு கொஞ்சியதில்லை.

பூவாத்தாள் மணையின் பின்னால் நின்று, ஒவ்வொரு சீப்பையும் கையை விட்டு வெளியே போகுமுன் பிடுங்கினாள். பல்லிடுக்கில் இருந்ததை உருவினாள். துப்பி எறிய அந்த இடத்தில் எங்கே எறிவது? சுருட்டி வாயில் போட்டு விழுங்கினாள்.

"என்னக்கா, இன்னிக்கு விருந்துக்கு இதுதான் கறியா?" என்றாள் சம்பூரணம். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சம்பூரணம் மேகலாவின் தோளில் ஒட்டியிருந்த ஒரு முடியை முந்தானையில் மறைக்கப் பார்த்தபோது பூவாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ற பேரன நெனச்சுப் பாருங்கக்கா" என்றாள் சம்பூரணம், மெதுவாக. "நீங்க வளத்த புள்ள."

பூவாத்தாள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த முடியையும் எடுத்து விழுங்கினாள். தொண்டை அடைத்தது, கண்ணில் நீர் வந்தது, இருமிக்கொண்டே அடுத்த சீப்புக்குக் கை நீட்டினாள். விழா முடிந்தபோது ஊரின் கையில் ஒரு முடியும் மிஞ்சவில்லை. கலவை சாதம் சாப்பிட்ட கையோடு பெண்கள் கலைந்தார்கள்.

சாப்பாடு முடிந்த வெயிலிலேயே பூவாத்தாள் மகளைப் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். படுத்த படுக்கையாகக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட அம்மா இப்படி விரட்டுகிறாளே என்று மேகலா அழுதாள். வளையல் குலுங்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பஸ் நகர்ந்தது. பூவாத்தாள் பாலத்தின் முனைவரை பின்னாலேயே நடந்தாள். பஸ் நடுத் தூணை நெருங்கியது, தாண்டியது. அவள் மூச்சை விட்டாள்.

அப்போது மில்லில் மணி அடித்தது.

பஸ் பாலத்தின் மேலேயே நின்றது. மேகலா இறங்கினாள். வலியில் இறங்கவில்லை, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினாள்.

"அம்மா!" என்று கூவினாள். "உள்ள இருக்கறது திரும்பிப் படுத்துக்குச்சும்மா! ஊரப் பாத்துத் தலைய வெச்சுக்குது. பஸ்ஸு போனா ஒதைக்குது, இந்தப் பக்கம் நடந்தா சும்மா கெடக்குது. போவ மாட்டேங்குது, பாரேன்!"

அவள் ஊரைப் பார்த்து ஓர் அடி வைத்தாள். அவள் இடது கை தானாகவே முன்னால் நீண்டிருப்பதைப் பூவாத்தாள் பார்த்தாள். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில் தொங்காமல், அதன் நுனி ஊரைப் பார்த்து நேராக நின்றது. தான் முடிந்த முடிச்சு. முடியை எல்லாம் விழுங்கிவிட்டு, தன் கையாலேயே கட்டிவிட்ட முடி.

பின்னால் பாலத்தின் முனையில் பெண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். யாரோ ஆரத்தித் தட்டுகூடக் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள், திரும்பி வருகிற பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுக்க.

"அங்கயே நில்லு!" என்று கத்தினாள் பூவாத்தாள். "ஒரு அடி வைக்காத!"

அவள் நடந்தாள். நடுத் தூணில் இழுப்பு பிடித்தது. நிற்கவில்லை. கொண்டை அவிழ்ந்தது, முழங்கால்வரை இருந்த முடி முழுக்கப் பின்னால் எழும்பி, யந்திரத்தில் பூட்டிய நூல்போல, ஊரைப் பார்த்து விறைத்து நின்றது. ஊரில் குழந்தைகள் அழத் தொடங்கின. அவள் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்துபோய், மகளின் கையைப் பிடித்து, விரலிலிருந்த பிளேடால் கயிற்றை அறுத்தாள். அது விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. புற்றுக்குள் போகிற பாம்பைப்போலப் பாலத்தின் மேல் வளைந்து வளைந்து ஊருக்குள் போனது.

மேகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்பத் திரும்பிருச்சும்மா" என்றாள், குழப்பத்தோடு. பிறகுதான் அம்மாவின் முடியைப் பார்த்தாள். பிறகுதான் அழுகைச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"இனி இந்தப் பாலத்தத் தாண்டாத" என்றாள் பூவாத்தாள். "நான் செத்தேன்னு சொன்னாலும் வராத. புள்ளயக் கூட்டிட்டு வராத."

"நீயும் வாம்மா. தாண்டிட்டயே. பஸ்ஸு நிக்குது, ஏறிக்கலாம் வா."

உண்மைதான். அவள் தாண்டியிருந்தாள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு பார்த்திருந்தார், வண்டி நிறைந்துவிட்டது என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. பூவாத்தாள் கையை நீட்டினால் கம்பியைப் பிடித்துவிடலாம். அவள் பஸ்ஸைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அத்தனை அழுகைக்கு நடுவே ஒரு குழந்தையின் அழுகை அவளுக்குத் தனியாகக் கேட்டது, ராத்திரி முழுக்க மடியில் போட்டுத் தட்டிய குழந்தை.

"அழுவுது பாரு" என்றாள். மகளை ஏற்றிவிட்டாள். பஸ் அக்கரையில் புளியமரங்களுக்குள் மறைகிறவரை அங்கேயே நின்று, பிறகு திரும்பி நடந்தாள். நடக்க நடக்க முடி தணிந்து முதுகில் படிந்தது.

பாலத்தின் முனையில் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "வாங்கக்கா, போலாம்" என்றாள் சம்பூரணம். ஒருத்தி குடை விரித்தாள்.

மறுநாள் முதல் பொறுக்கி கொடுத்த நூல் வெள்ளை. அதைப் பொன்னுரங்கம் முதலாளி வெள்ளைக் கம்பளமாக விற்றார், அதையும் வாங்கினார்கள். குழந்தைகளின் கயிறுகளும் நரைத்தன. மார்கழியில் ஒரு காலை முளையில் நூல் இல்லை. மேஸ்திரி அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பூவாத்தாள் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஊர் குழந்தைகளிடம் ஓடியது. வெள்ளைக் கயிறுகள் அவிழ்ந்து பாயில், மணலில், பெஞ்சுக்கு அடியில் விழுந்து கிடந்தன. குழந்தைகள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தன, மூக்கு ஒழுக ஓடிக்கொண்டிருந்தன, சம்பூரணத்தின் பேரன் மண்ணைத் தின்றுகொண்டிருந்தான். கயிறு போனது அவர்களுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

செய்தி சொல்லியும் மேகலா வரவில்லை. பெற்றவளுக்குக் கொள்ளி வைக்கக்கூட வராத மகளும் ஒரு மகளா என்று பெண்கள் இழவு வீட்டில் மாரடித்துக்கொண்டு ஏசினார்கள். ஏசிக்கொண்டே, பக்கத்தில் அழுகிறவளின் அவிழ்ந்த கூந்தலை ஒருத்தி பார்ப்பதும், அவள் பார்ப்பதை இன்னொருத்தி பார்ப்பதுமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டுதான் தலை முழுகினோம்.

பொறுக்கி இப்போது பழையபடி சிவப்பும் பச்சையும் சுற்றுகிறது. கறுப்புக்கு வேறு முளை கொடுத்திருக்கிறார்கள். பூவாத்தாளின் முளையில் கோன் இல்லை, நூல் இல்லை, நாக்கைக் கட்டிப் பிடித்திருக்க ஒரு துண்டுக் கழிவுகூட இல்லை. மேஸ்திரி எத்தனையோ தடவை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டார், எடுத்ததும் அது எழுந்துகொள்கிறது. அந்த நாக்கு விழவே இல்லை. மில்லுக்குள் நுழையும்போது பெண்கள் தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொள்கிறார்கள்.